சுற்றுப்பாதையில் எது ஆயுதம்?

ரஷ்யாவின் சோயுஸ் விண்கலங்களில் பல ஆண்டுகள் ஒரு துப்பாக்கி பயணம் செய்தது. மூன்று குழல்கள் கொண்டது, பெயர் டிபி-82. அதற்குப் பின்னால் 1965 மார்ச்சில் நடந்த ஒரு கதை இருக்கிறது. வோஸ்கோத்-2 கலத்தில் திரும்பிய சோவியத் விண்வெளி வீரர்கள் லியோனவும் பெல்யாயெவும் இறங்கவேண்டிய இடம் தவறி, யூரல் பகுதியின் பனிக்காட்டில் போய் விழுந்தார்கள். ஓநாயும் கரடியும் திரியும் காடு. இரண்டு இரவுகள் அங்கேயே கழிந்தன. அந்த அனுபவத்தின் விளைவாகப் பின்னாளில் வடிவமைக்கப்பட்டதுதான் இந்தத் துப்பாக்கி. விண்ணில் யாரையும் சுட அல்ல, தரையிறங்கிய பிறகு உயிர் பிழைக்க.

இன்னொரு துப்பாக்கிக் கதையும் உண்டு. 1974இல் சோவியத் ஒன்றியம் ஏவிய சல்யூட்-3, உலகத்தின் பார்வைக்கு ஆராய்ச்சி நிலையம். உள்ளே அது அல்மாஸ் என்ற ராணுவ உளவுத் திட்டத்தைச் சேர்ந்தது. அதன் வயிற்றில் 23 மில்லிமீட்டர் விமானப் பீரங்கி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். பீரங்கி தனியாகத் திரும்பாது. குறி பார்க்க வேண்டுமானால் நிலையத்தையே திருப்பியாக வேண்டும். 1975 ஜனவரியில், உள்ளே ஆட்கள் யாரும் இல்லாத நேரத்தில், தரையிலிருந்து கட்டளை அனுப்பிச் சுட்டுப் பார்த்தார்கள். பூமியைச் சுற்றிக்கொண்டே சுட்ட பீரங்கி என்று வெளியே தெரிந்தது அது ஒன்றுதான்.

இந்த இரண்டில் எது விண்வெளி ஆயுதம் என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சரியாகச் சொல்லிவிடும். சர்வதேசச் சட்டத்திடம் கேட்டால் கதை வேறு. 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் இந்த இரண்டையுமே தடுக்கவில்லை. "விண்வெளியில் ஆயுதம் வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே" என்று நன்றாகப் படித்த நண்பர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை.

இருப்பது அந்த ஒப்பந்தத்தின் நான்காவது பிரிவு. அணு ஆயுதங்களையும் பிற பேரழிவு ஆயுதங்களையும் பூமியைச் சுற்றும் பாதையில் வைக்கக் கூடாது, வான்பொருள்களில் நிறுவக் கூடாது, வேறு எந்த விதத்திலும் விண்வெளியில் நிறுத்தி வைக்கக் கூடாது என்கிறது. நிலவிலும் மற்ற வான்பொருள்களிலும் ராணுவத் தளம், ஆயுதச் சோதனை, போர்ப் பயிற்சி எதுவும் ஆகாது. அவ்வளவுதான். நிலவுக்கு முழுப் பாதுகாப்பு. நமக்கும் நிலவுக்கும் நடுவில் இருக்கும் பெருவெளிக்கு அரைப் பாதுகாப்பு. சாதாரண வெடிகுண்டு, பீரங்கி, லேசர், மோதி உடைக்கும் கலம் ஆகியவற்றைப் பற்றி ஒப்பந்தம் வாய் திறக்கவில்லை. ஆயுதம் என்றால் என்ன என்றும் எங்கேயும் வரையறுக்கவில்லை. விண்வெளி எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பதற்கே இன்றுவரை எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட கோடு கிடையாது.

அன்று அப்படி எழுதியதில் காரணம் இருந்தது. 1962 ஜூலை 9 அன்று அமெரிக்கா பசிபிக் பெருங்கடலின் மேலே, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், 1.4 மெகாடன் அணுகுண்டை வெடித்தது. ஸ்டார்ஃபிஷ் பிரைம் என்று பெயர். சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹவாய்த் தீவில் தெருவிளக்குகள் அணைந்தன. வெடிப்பில் பிறந்த கதிர்வீச்சு பூமியைச் சுற்றி வளையமாகத் தங்கி, பிரிட்டனின் முதல் செயற்கைக்கோளான ஏரியல்-1 உட்படப் பல செயற்கைக்கோள்களைப் பழுதாக்கியது. மறுநாள் ஏவப்பட்ட டெல்ஸ்டார் என்ற தொலைத்தொடர்புக் கோளும் சில மாதங்களில் அதே நோயில் படுத்தது. எதிரியின் கோள், நட்பு நாட்டின் கோள், தன்னுடைய கோள் என்று பார்க்காத ஆயுதத்தைத் தடுப்பதில் இரண்டு வல்லரசுகளுக்கும் லாபம் இருந்தது. தடுத்தார்கள். மற்றதை விட்டுவைத்தார்கள், ஏனென்றால் மற்றதில் இருவருக்கும் ஆசை இருந்தது.

எழுதிய சொற்களிலும் இடுக்கு தேடினார்கள். கண்டம் தாண்டும் ஏவுகணை விண்வெளி வழியாகத்தான் பாய்கிறது; ஆனால் பாதையில் 'வைக்கப்படவில்லை', ஆகவே தடை இல்லை. சோவியத் ஒன்றியம் 1969இல் களத்தில் நிறுத்திய ஓர் ஏவுகணை இன்னும் ஒரு படி மேலே போனது. அணுகுண்டைச் சுற்றுப்பாதைக்கே ஏற்றி, ஒரு முழுச் சுற்று முடியும் முன்பே கீழே இறக்கிவிடும் திட்டம் அது. முழுச் சுற்று சுற்றவில்லை, எனவே மீறல் இல்லை என்று அமெரிக்காவே பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டது. பெருந்தன்மை என்று நான் சொல்வது கேலிக்குத்தான். அடுத்தவன் இடுக்கை அடைத்தால் தன் இடுக்கும் அடைபடும் என்ற கணக்கு அதில் இருந்தது.

இந்த வரையறைச் சிக்கல் விண்வெளிக்கு மட்டும் உரியதல்ல. என் தாய்மாமா திருநெல்வேலியில் குற்றவியல் வழக்கறிஞராக இருந்தவர். ஒரு தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது விளையாட்டாகக் கேட்டேன்: "மாமா, அரிவாள் ஆயுதமா, இல்லையா?" அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "யார் கையில், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள் மருமகனே. பிறகு சொல்கிறேன்."

எழுந்து போய் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டவும் செய்தார். தாக்குதலுக்கோ தற்காப்புக்கோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட எந்தப் பொருளும் ஆயுதம் என்று தொடங்குகிறது வரையறை. கூர்முனை கொண்டவையும் சேர்த்தி. அடுத்த மூச்சிலேயே விலக்கு: வீட்டுக்கும் உழவுக்கும் மட்டுமென்று செய்யப்பட்டவை சேராது, லத்தியும் சாதாரண ஊன்றுகோலும் சேராது. ஆக, கருக்கரிவாளை வயலில் யாரும் கேட்க மாட்டார்கள். அதே அரிவாள் நள்ளிரவில் நீதிமன்ற வாசலில் சட்டைக்குள் இருந்தால் கேட்பார்கள். பொருள் மாறவில்லை, சூழ்நிலை மாறிவிட்டது. அந்தச் சூழ்நிலையைச் சொல்லச் சாட்சி இருக்கிறார், விசாரிக்கப் போலீஸ் இருக்கிறது, தீர்ப்புச் சொல்ல நீதிபதி இருக்கிறார். சுற்றுப்பாதையில் இந்த மூன்றுமே இல்லை. எனவேதான் அங்கே எல்லாரும் பொருளையே வரையறுத்துவிட முடியுமா என்று பார்க்கிறார்கள். அரை நூற்றாண்டாகத் தோற்றுக்கொண்டும் இருக்கிறார்கள்.

1978இலும் 1979இலும் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஹெல்சிங்கி, பெர்ன், வியன்னா என்று மூன்று ஊர்களில் உட்கார்ந்து செயற்கைக்கோள் எதிர்ப்பு ஆயுதங்களைப் பற்றிப் பேசின. சோவியத் தரப்பு ஒரு பொருளைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது: அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில். நீண்ட கை, பெரிய சரக்கறை, செயற்கைக்கோளைப் பிடித்து உள்ளே வைத்துப் பூமிக்குக் கொண்டுவரும் திறன் எல்லாம் அதற்கு இருந்தன. அமெரிக்கர்கள் சிரித்திருக்கலாம். ஆனால் அந்தக் கவலையைப் பைத்தியக்காரத்தனம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. 1984இல் ஷட்டில் உண்மையிலேயே வழிதவறிய இரண்டு தொலைத்தொடர்புக் கோள்களைப் பிடித்துத் தரைக்குக் கொண்டுவந்தது. அன்று அது மீட்பு. அனுமதி கேட்காமல் செய்திருந்தால்?

இன்றைக்கு அந்தத் திறன் வல்லரசுகளுக்கு மட்டும் உரியதாக இல்லை. 2020 பிப்ரவரியில் எம்இவி-1 என்ற அமெரிக்கத் தனியார் கலம், எரிபொருள் தீரும் நிலையில் இருந்த இன்டெல்சாட்-901 கோளின் பின்பக்கத்தில் போய்ப் பற்றிக்கொண்டு அதன் ஆயுளை நீட்டியது. 2022 ஜனவரியில் சீனாவின் ஷிஜியான்-21, செத்துப்போன பெய்டூ வழிகாட்டிக் கோள் ஒன்றைக் கட்டி இழுத்துப் போய் ஒதுக்குப்புறப் பாதையில் விட்டது. ஒன்று பழுதுபார்ப்பு, மற்றொன்று குப்பை அள்ளல். இரண்டுக்கும் தேவைப்பட்ட திறமை ஒன்றே: ஒத்துழைக்காத அல்லது செயலற்ற கோளை நெருங்கி, தொட்டு, நகர்த்துவது. நம்முடைய ஸ்பேடெக்ஸ் சோதனைத் திட்டம் 2025 ஜனவரி 16 அன்று இரண்டு சிறு கோள்களை இணைத்தபோது நானும் கைதட்டினேன். பக்கத்து நாட்டு ராணுவத் தலைமையகத்தில் யாரோ ஒருவர் அதையே வேறு கண்ணால் பார்த்துக் குறிப்பெழுதியிருப்பார் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

இவ்வளவு குழப்பத்துக்கு நடுவிலும் துணிந்து வரையறை எழுதியவர்கள் ரஷ்யர்களும் சீனர்களும். 2008 பிப்ரவரி 12 அன்று ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாட்டில் ஒப்பந்த வரைவு ஒன்றை வைத்தார்கள். 2014இல் திருத்திய வரைவையும் தந்தார்கள். விண்ணிலோ தரையிலோ காற்றிலோ உள்ள பொருள்களை அழிக்கவோ சேதப்படுத்தவோ அவற்றின் வழக்கமான இயக்கத்தைக் குலைக்கவோ தயாரிக்கப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட விண்பொருள், எந்த இயற்பியல் தத்துவத்தைப் பயன்படுத்தினாலும் அது ஆயுதம். படித்துப் பார்த்தால் நம் ஆயுதச் சட்டத்தின் தம்பி போலவே இருக்கிறது. தயாரிப்பு நோக்கம் என்ற தூணின் மேல்தான் கட்டடமே நிற்கிறது. அந்த நோக்கத்தை 800 கிலோமீட்டர் உயரத்தில் போய்ச் சரிபார்ப்பது யார்? வரைவில் பதில் இல்லை. பெரிய ஓட்டை இன்னொன்று: அது விண்ணில் வைக்கப்படும் பொருளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. தரையிலிருந்து புறப்பட்டு, செயற்கைக்கோளை உடைத்துவிட்டு விழும் ஏவுகணை அதன் வரையறைக்குள் வரவே வராது.

அதற்கு ஓராண்டு முன்பு, 2007 ஜனவரி 11 அன்று, சீனா செய்தது அதைத்தான். தன்னுடைய பழைய வானிலைக் கோளான ஃபெங்யுன்-1சியை 865 கிலோமீட்டர் உயரத்தில் ஏவுகணையால் உடைத்தது. கண்காணிக்கக்கூடிய அளவில் மட்டும் 3,000க்கு மேற்பட்ட துண்டுகள். அந்த உயரத்தில் காற்றின் இழுவை மிகக் குறைவு. பல துண்டுகள் இன்னும் பல பத்தாண்டுகள் சுற்றும். அமெரிக்காவும் சளைத்ததல்ல. ஜெனீவாவில் வரைவு வைக்கப்பட்டு பத்து நாள்கூட ஆகாத நிலையில், பழுதான தன் உளவுக்கோள் யுஎஸ்ஏ-193ஐக் கப்பலிலிருந்து ஏவிய எஸ்எம்-3 ஏவுகணையால் உடைத்தது. கோளில் இருந்த ஹைட்ரசின் என்ற நச்சு எரிபொருள் மக்கள்மேல் விழுந்துவிடக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். எஸ்எம்-3 எதிரி ஏவுகணையைத் தடுக்கும் தற்காப்புக் கருவி. மென்பொருளில் செய்த சில மாற்றங்கள் போதுமாக இருந்தன. அதைத் தடைசெய்தால் ஏவுகணைத் தடுப்பையே தடைசெய்ய வேண்டும். அதற்கு வாஷிங்டன் ஒருநாளும் சம்மதிக்காது. ஆக, ஒருவர் வரைவில் தரை ஏவுகணை இல்லை. மற்றவருக்கு அது இல்லாத வரைவு வேண்டாம், ஆனால் தன்னுடையது தடைபடவும் கூடாது. ஜெனீவாவில் ஆண்டுக்கணக்காக எதுவும் நகராததன் ரகசியம் ஏறக்குறைய இதுதான்.

2019 மார்ச் 27 காலை பிரதமர் நாட்டு மக்களிடம் பேசப் போகிறார் என்று செய்தி வந்ததும் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் ஏடிஎம் எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். பணமதிப்பிழப்பு தந்த அச்சம் அப்படி. வந்த செய்தி மிஷன் சக்தி. அப்துல் கலாம் தீவிலிருந்து புறப்பட்ட ஏவுகணை, இரண்டு மாதம் முன்பு நாமே ஏவிய மைக்ரோசாட்-ஆர் கோளைச் சுமார் 280 கிலோமீட்டர் உயரத்தில் மோதி உடைத்துவிட்டது. அதுவும் ஏவுகணைத் தடுப்புத் திட்டத்திலிருந்து வந்த கருவிதான்.

உயரம் குறைவு, குப்பை சில வாரங்களில் விழுந்து எரிந்துவிடும் என்று அரசு சொன்னது. பெரும்பகுதி அப்படியே ஆயிற்று. ஆனால் மேல்நோக்கிப் பாயும் ஏவுகணை மோதும்போது சில துண்டுகள் மேலே எறியப்படும். அவற்றின் பாதை நீள்வட்டமாகி, உச்சம் எங்கோ போய்விடும். 24 துண்டுகள் சர்வதேச விண்வெளி நிலையத்தின் உயரத்தைத் தாண்டிப் போயின என்று நாசாவின் அன்றைய தலைவர் பிரைடன்ஸ்டைன் கடிந்துகொண்டார். ஓராண்டு கழிந்தும் சில துண்டுகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு கிலோ எடையுள்ள இரும்பு நொடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் வெளிப்படும் ஆற்றல் ஏழு கிலோ டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். எதிரெதிரே வந்தால் கேட்கவே வேண்டாம். வெடிமருந்தே இல்லாத துண்டு இது. யாரும் அதை ஆயுதமாகத் தயாரிக்கவும் இல்லை. மாஸ்கோவும் பெய்ஜிங்கும் எழுதிய வரையறைப்படி அது ஒன்றுமே இல்லை. பாதையில் வரும் விண்வெளி வீரருக்கோ அதைவிடக் கொடிய ஆயுதம் கிடையாது.

இந்தியா ஏன் சோதித்தது என்பது எனக்குப் புரிகிறது, ஓரளவு சம்மதமும் உண்டு. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் 1967 ஜனவரி 1க்கு முன்பு வெடித்துக் காட்டியவர்களை அணு ஆயுத நாடுகள் என்று ஏற்றுக்கொண்டது. 1974இல் வெடித்த நாம் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டோம். விண்வெளியிலும் நாளை அப்படி ஒரு கதவு சாத்தப்படலாம், அதற்குள் உள்ளே போய்விட வேண்டும் என்று தில்லியில் நினைத்திருந்தால் அது நியாயமற்ற நினைப்பு அல்ல.

2021 நவம்பர் 15 அன்று ரஷ்யா தன் காஸ்மோஸ்-1408 கோளை 480 கிலோமீட்டர் உயரத்தில் உடைத்து, 1,500க்கு மேற்பட்ட துண்டுகளைப் பரப்பியது. விண்வெளி நிலையத்தில் இருந்த ஏழு பேரும் திரும்பும் கலங்களுக்குள் புகுந்து காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஏழு பேரில் இருவர் ரஷ்யர்கள். இதைவிட வெளிப்படையான பாடம் வேறென்ன வேண்டும் என்று தெரியவில்லை.

அதற்கு ஓராண்டு முன்பே பேச்சின் திசை மாறத் தொடங்கியிருந்தது. பிரிட்டன் முன்னெடுத்து, 2020 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. எந்தப் பொருள் ஆயுதம் என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, எந்த நடத்தை பொறுப்பானது, எது அச்சுறுத்தல் என்று நாடுகளைக் கேட்டது அது. 1981 முதல் விண்வெளி ஆயுதப் போட்டித் தடுப்பு என்ற பெயரில் ஆண்டுதோறும் பொதுச்சபையில் தீர்மானம் வருகிறது. அதை எகிப்தும் இலங்கையும் மாறி மாறி முன்வைப்பது நீண்டகால வழக்கம். அந்தத் தீர்மானங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவை எழுப்பிய கோரிக்கையைவிடச் சிறியதாகவும் கைக்கு எட்டுவதாகவும் இருந்தது புதிய கேள்வி. 2022 ஏப்ரலில் அமெரிக்கா, தரையிலிருந்து பாய்ந்து கோளை உடைக்கும் ஏவுகணைச் சோதனைகளை இனிச் செய்யமாட்டோம் என்று தானாகவே அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் எல்லா நாடுகளையும் அப்படி உறுதியளிக்கச் சொல்லும் தீர்மானம் பொதுச்சபைக்கு வந்தது. ஆதரவு 155, எதிர்ப்பு 9, விலகி நின்றவை 9.

ஏவுகணையையோ கோளையோ வரையறுக்காமல், செயலை மட்டும் குறிக்கும் அந்தத் தீர்மானம் எனக்குப் பிடித்திருக்கிறது. உடைத்தாயா, இல்லையா? ராடாரும் தொலைநோக்கியும் உள்ள எவரும் ஒருசில மணி நேரத்தில் பதில் சொல்லிவிடலாம். என் மாமா கேட்ட மூன்று கேள்விகளில் இரண்டுக்கு வானமே சாட்சி சொல்கிறது.

இதற்கு எல்லை இல்லாமல் இல்லை. 2022 பிப்ரவரி 24 அன்று, ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைவதற்குச் சற்று முன்பு, கேஏ-சாட் என்ற இணையச் செயற்கைக்கோளின் தரை மோடங்களை, கணினிகளைக் கெடுக்கும் தீநிரல் ஒன்று முடக்கிப்போட்டது. ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பும் சேர்ந்து நின்றது. கோளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பால்டிக் கரையிலும் கிழக்கு மத்தியதரைக் கடலிலும் ஜிபிஎஸ் சமிக்ஞையைக் குலைப்பது அன்றாடத் தொல்லையாகிவிட்டது. இவற்றில் குப்பையும் இல்லை, வெடிப்பும் இல்லை, யார் செய்தது என்று உடனே சொல்லவும் முடியாது. சொல்லப்போனால், அடுத்த போரில் முதலில் நடக்கப்போவது இவைதான். நடத்தை விதி இங்கேயும் வேண்டும். ஆனால் அதை எழுதுவது இன்னும் கடினம்.

நெருங்கிச் செல்வதற்கு விதி எழுதலாம். காஸ்மோஸ்-2542 என்ற ரஷ்யக் கோள் 2019 நவம்பரில் ஏறியது. சில நாள்களில் தன் வயிற்றிலிருந்து காஸ்மோஸ்-2543ஐ வெளியே விட்டது. 2020 ஜனவரியில் அமெரிக்க உளவுக்கோள் ஒன்றின் பக்கத்தில் சுற்றத் தொடங்கியது. வெளியுலகுக்கு இதை முதலில் சொன்னவர்கள் பொழுதுபோக்காகக் கோள்களைப் பின்தொடரும் சாதாரண மனிதர்கள். அதே ஆண்டு ஜூலையில் காஸ்மோஸ்-2543 மற்றொரு பொருளை வேகமாக வெளியே எறிந்தது. ஆய்வுப் பணி என்றது மாஸ்கோ, ஆயுதச் சோதனை என்றது வாஷிங்டன். பெயர் சூட்டுவதில் இருவரும் ஒத்துப்போக மாட்டார்கள். இத்தனை கிலோமீட்டருக்குள் நெருங்குவதானால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், மற்றவர் கோளின் அருகில் எதையும் எறியக் கூடாது என்று இருந்தால் பெயர் எதுவானாலும் மீறல் தெரிந்துவிடும்.

பழைய தடையே ஆட்டம் காண்கிறது என்பது வேறு கவலை. ரஷ்யா அணு வெடிப்பால் செயற்கைக்கோள்களை முடக்கும் ஆயுதத்தை உருவாக்குகிறது என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்கா சொன்னது, ரஷ்யா மறுத்தது. ஏப்ரலில், நான்காவது பிரிவின் கடமையை மறுபடி உறுதிசெய்யும் வரைவை அமெரிக்காவும் ஜப்பானும் பாதுகாப்பு கவுன்சிலில் வைத்தன. 13 நாடுகள் ஆதரித்தன, சீனா விலகி நின்றது, ரஷ்யா வீட்டோ செய்தது. பேரழிவு ஆயுதம் மட்டும் ஏன், எல்லா ஆயுதங்களையும் என்றென்றைக்கும் தடை செய்வோமே என்பது ரஷ்யாவின் வாதம். மே மாதம் ரஷ்யா கொண்டுவந்த வரைவு 7 ஆதரவு, 7 எதிர்ப்பு, ஒரு விலகல் என்று விழுந்தது. எல்லாவற்றையும் கேட்பது, எதையும் தராமலிருப்பதற்கு மிக நேர்த்தியான வழி. மறுபக்கம், 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட அமெரிக்காவின் கோல்டன் டோம் என்ற ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தில் விண்ணிலேயே இடைமறிப்பு ஏவுகணைகளை நிறுத்தும் எண்ணம் இருக்கிறது. அவற்றில் அணுகுண்டு இல்லை. ஆகவே 1967 ஒப்பந்தம் அவற்றைத் தொடாது. சோதனை நிறுத்த உறுதிமொழி தரையிலிருந்து பாய்வதைப் பற்றியது, அதுவும் தொடாது. நடத்தை விதிகளை ஆதரிக்கும் என்னைப் போன்றவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் சங்கடப்பட்டுத்தான் ஆக வேண்டும்.

2022 வாக்கெடுப்பில் விலகி நின்ற ஒன்பதில் இந்தியாவும் ஒன்று. சட்டப்படி கட்டுப்படுத்துகிற, சரிபார்க்கத்தக்க ஒப்பந்தம்தான் வேண்டும், தன்னார்வ உறுதிமொழிகள் அதற்கு ஈடாகா என்பது நம் அரசின் நீண்டகால நிலை. கொள்கையாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் கதவுக்கு உள்ளே போவதற்காகச் சோதனை செய்தோம் என்றால், போய்ச் சேர்ந்துவிட்டோம். இன்னொரு முறை உடைத்துக் காட்டுவதில் நமக்குக் கிடைக்கப்போவது எதுவும் இல்லை. இந்தியாவின் சொந்த விண்வெளி நிலையமாகப்போகும் பாரதிய அந்தரிக்ஷ் நிலையத்தின் முதல் பகுதியை 2028இல் ஏவவும், 2035க்குள் நிலையத்தை முழுமையாக்கவும் அரசு திட்டமிட்டிருக்கிறது. அது சுற்றப்போகும் உயரம் 400 முதல் 450 கிலோமீட்டர். காஸ்மோஸ்-1408 உடைந்த இடத்துக்குச் சற்றே கீழே. அங்கே தன் ஆட்களைக் குடிவைக்கப்போகும் நாடு, ஏவுகணையால் கோளை உடைக்காதீர்கள் என்று கேட்கும் தீர்மானத்தில் விலகி நிற்பதற்கு இனி என்ன காரணம் சொல்லும் என்று எனக்குத் தெரியவில்லை.